ஒரு ஷாக் கசிந்தால் எத்தனை பாகம் மாற்றுவது?

காரின் இடது முன் ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிகிறது என்று தெரிந்தபோது எனக்கு இரண்டு யோசனைகள் கிடைத்தன. கம்பெனி சர்வீஸ் சென்டர் ஒன்றில் முன்னும் பின்னும் நாலு ஷாக், மவுண்ட், இரண்டு லோயர் ஆர்ம், லிங்க் ராடு, ஸ்டெபிலைசர் புஷ், டை ராடு எண்ட் என்று ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்து, “பத்து வருஷ வண்டி சார், சஸ்பென்ஷனை முழுசா மாத்திடுங்க” என்றார்கள். மஞ்சக்குப்பத்தில் நான் வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக் அண்ணன், “இடது மட்டும் போட்டுக்கலாம் தம்பி, வலது இன்னும் ஓடும்” என்றார். முதல் கணக்கு 30,000 ரூபாயைத் தாண்டியது. இரண்டாவது 3,000 சொச்சம். இருவரும் என்னை ஏமாற்றப் பார்த்ததாக நான் நினைக்கவில்லை. ஒருவர் வண்டியின் வயதைப் பார்த்தார், இன்னொருவர் என் பையைப் பார்த்தார். நான் ஒவ்வொரு பாகமாகப் பார்க்க விரும்பினேன்.

எங்கள் வண்டி சாதாரண பெட்ரோல் ஹேட்ச்பேக். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே வேலைக்கு ஓடுவது, மாதம் ஒரு முறை அம்மாவை ஜிப்மருக்கு அழைத்துப் போவது, அவ்வப்போது வடலூர், நெய்வேலிப் பக்கம் சொந்தக்காரர் வீடு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்து, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதற்குப் பின்னால் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் வேறு. தண்ணீர் வடிந்த பிறகு எங்கள் பக்கத்துச் சாலைகள் எப்படி இருந்தன என்று இங்கே வண்டி ஓட்டியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஏற்கெனவே நாலு வழிச் சாலை வேலைக்காக அங்கங்கே மாற்றுப்பாதை. ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று ஊருக்கு ஊர் வேகத்தடை. இதில் அதிகம் அடிபடுவது இடது சக்கரம்தான். சாலையின் ஓரம்தான் முதலில் உடைகிறது, எதிரே பஸ் வந்தால் நாம் ஒதுங்குவதும் அந்த ஓரத்தில்தான்.

பொங்கல் முடிந்த வாரத்தில் அம்மா சொன்னார்: “இடுப்பு வுட்டுப்போவுதுடா, வண்டியைக் கொஞ்சம் பாரு.” அவருக்கு முதுகெலும்பில் தேய்மானம் உண்டு. வேகத்தடை ஏறி இறங்கிய பிறகும் வண்டியின் முன்பகுதி இரண்டு மூன்று முறை மேலும் கீழும் ஆடுவதை நானும் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். மெதுவாகப் போகும்போது சின்னச் சின்னக் குழிகளில் ‘கட கட’ என்று ஒரு சத்தம். ரிவர்ஸ் எடுத்துப் பிரேக் பிடித்தால் ஒரே ஒரு ‘டொக்’. நிறுத்திய இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஸ்பிரிங் விடுபடுவதுபோல ஒரு ‘டிங்’.

இந்த நாலும் நாலு வேறு பாகங்களின் குறைகள். இதைப் பிரித்துப் பார்த்ததில்தான் எனக்குப் பாதித் தெளிவு வந்தது. ஏறி இறங்கிய பின் நிற்காத ஆட்டம் ஷாக்கினுடையது. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங் அமுங்கி எழும்போது அது தொடர்ந்து ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. சின்னக் குழிகளில் கேட்கும் கட கட பெரும்பாலும், வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் லிங்க் ராடு. பிரேக் பிடிக்கும்போது, ரிவர்ஸிலிருந்து முன்னே எடுக்கும்போது வரும் ஒற்றை டொக், சக்கரத்தைக் கீழே வண்டியோடு பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் அல்லது அதன் முனையில் சுழலும் பால் ஜாயிண்ட். நின்ற இடத்தில் திருப்பும்போது வரும் சத்தம், ஸ்ட்ரட்டின் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண்) தலையில் இருக்கும் மவுண்டும் அதன் பேரிங்கும். முன் சக்கரத்தில் இருப்பது மேக்பெர்சன் ஸ்ட்ரட் என்பதால் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்ட்ரட் முழுவதுமே சக்கரத்தோடு சேர்ந்து திரும்புகிறது. மேலே அந்தப் பேரிங் இறுகிவிட்டால் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு, பிறகு படக்கென்று விடுபடும்.

சத்தத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதால் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தோம். அண்ணன் பொறுமையானவர், நான் கேட்டதையெல்லாம் காட்டினார். இடது ஷாக்கின் பாதிக்குக் கீழே ஆயில் வழிந்து, அதில் சேறு அப்பியிருந்தது. வலது ஷாக்கின் மேல் லேசான எண்ணெய்ப் பூச்சும் அதில் ஒட்டிய தூசும் மட்டும். இந்த அளவு ஈரப்பதம் நல்ல ஷாக்கிலும் இருக்கும், வழிந்தால்தான் சீல் போனதாக அர்த்தம். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டியதில் இடது பக்கம் கையில் தெரிகிற அளவுக்கு ஆட்டம். கடப்பாரையை லோயர் ஆர்முக்கு அடியில் கொடுத்து நெம்பியபோது பால் ஜாயிண்ட் கண்ணுக்குத் தெரியவே அசைந்தது. வலது ஆர்மில் ஜாயிண்ட் கெட்டி. அந்த ஆர்மின் பின்பக்கப் புஷ்ஷின் ரப்பரில் மட்டும் மேலோட்டமாக வெடிப்பு. சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டியதில், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்ட் இரண்டிலும் லூஸ் இல்லை, அவற்றின் ரப்பர் உறையும் கிழியவில்லை. பின்பக்க ஷாக் இரண்டும் காய்ந்து சுத்தமாக இருந்தன.

பானட்டின் மேல் கைவைத்து அமுக்கி விட்டுப் பார்க்கும் சோதனையும் செய்தோம். இடது பக்கம் கூட ஒன்றரை ஆட்டத்தில் நின்றுவிட்டது. முற்றிலும் செத்துப்போன ஷாக்கை மட்டும்தான் அந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். அதில் தேறிவிட்டது என்று விட்டுவிட வேண்டாம். டயரைத் தடவிப் பார்ப்பது அதைவிட நம்பகமானது. எங்கள் இடது டயரின் பரப்பில் மேடும் பள்ளமுமாகத் தேய்மானம் விரலில் தட்டுப்பட்டது. சக்கரம் சாலையோடு ஒட்டி ஓடாமல் குதித்துக் குதித்து ஓடினால் இப்படித்தான் தேயும்.

சரி, இப்போது எதையெல்லாம் சேர்த்து மாற்றுவது? ‘பத்து வருடம் ஆகிவிட்டது’ என்பதை நான் ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று கேள்விகள்தான் கேட்டேன். இந்தப் பாகம் எதிர்ப்பக்கத்துப் பாகத்தோடு ஜோடியாக வேலை செய்கிறதா? ஒன்றைக் கழற்றும்போது இன்னொன்றும் தானாகக் கையில் வந்துவிடுகிறதா? இதை மாற்றினால் அலைன்மெண்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், மாறுமா?

ஷாக்குக்கு முதல் கேள்வியிலேயே பதில் கிடைத்துவிட்டது. நுகத்தடியில் ஒரு பக்கம் இளங்காளையும் மறுபக்கம் கிழமாடும் பூட்டினால் வண்டி நேராகப் போகாது. ஒரு பக்கம் புது ஷாக், மறுபக்கம் லட்சம் கிலோமீட்டரை நெருங்கிய ஷாக் என்றால், அவசரமாகப் பிரேக் அடிக்கும்போதும் வளைவில் குழி வரும்போதும் இரண்டு சக்கரமும் இரு விதமாக நடந்துகொள்ளும். ஒன்று உடனே அடங்கும், மற்றது ஆடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஆடுகிற சக்கரத்துக்குச் சாலைப் பிடிப்பு குறைவு. தினம் தினம் நிதானமாக ஓட்டும்போது இது தெரியாது. ஒருநாள் இரவு மாடு குறுக்கே வரும்போதுதான் தெரியும். அதனால் “வலது இன்னும் ஓடும்” என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. அண்ணனிடம் இதைச் சொன்னேன். “ஜோடியா போடுறதுதான் முறை தம்பி, காசுக்காகத்தான் நிறைய பேர் ஒண்ணு போதும்பாங்க” என்றார். விதிவிலக்கு ஒன்று உண்டு. இரண்டும் மாற்றிச் சில மாதமே ஆகி, ஒன்று மட்டும் விபத்தில் வளைந்துபோனால் அந்த ஒன்றை மட்டும் அதே பிராண்டில் மாற்றலாம்.

அதே கேள்வி பின்பக்க ஷாக்கைக் காப்பாற்றியது. ஜோடி என்பது இடதுக்கும் வலதுக்கும்தான். முன்னும் பின்னும் ஒன்றாக மாற்றியே தீரவேண்டும் என்பதில்லை. எங்கள் வண்டியில் பின் ஷாக் தனி, ஸ்பிரிங் தனி. மேலும் கீழும் போல்ட் எடுத்தால் வந்துவிடும், அலைன்மெண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்று சேர்த்துச் செய்தால் லேபரில் மிச்சம் எதுவும் இல்லை. நன்றாக இருப்பதைக் கழற்றி எறிய எனக்கு மனம் வரவில்லை. அதைத் தள்ளிவைத்தேன்.

மவுண்டுக்கு இரண்டாவது கேள்வி. மவுண்டை மாற்ற வேண்டுமென்றால் ஸ்ட்ரட்டை வண்டியிலிருந்து இறக்கி, ஸ்பிரிங்கை அதற்கான கம்ப்ரஸர் கருவியில் அமுக்கி, நடு நட்டைக் கழற்ற வேண்டும். ஷாக் மாற்றவும் சரியாக அதே வேலைதான். ஐநூறு, அறுநூறு ரூபாய் பாகத்தை மிச்சம் பிடித்துவிட்டு, ஆறு மாதம் கழித்து அதே லேபரை முழுதாக இன்னொரு முறை கொடுப்பது வீண். போதாததற்கு எங்கள் மவுண்டின் ரப்பர் ஏற்கெனவே அமுங்கிப்போயிருந்தது. புது ஷாக் கெட்டியாக இருக்கும். நைந்த மவுண்டோடு சேர்த்தால் பழைய சத்தம் போய்ப் புதுச் சத்தம் வரும், ஷாக்கே சரியில்லை என்று நாம் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம். ஷாக் முழுதாக அமுங்கும்போது இடிக்காமல் தாங்கும் பம்ப் ஸ்டாப்பும் தூசி உறையும் இதே வகை. பழையதைக் கையில் எடுத்தபோதே பொடியாக உதிர்ந்தது. உறை கிழிந்தால் மண் போய் ஷாக்கின் பளபளப்பான தண்டில் கீறி, புது சீலையும் சீக்கிரம் கெடுத்துவிடும். விலையோ சொற்பம்.

ஸ்பிரிங்கும் இதோடு கையில் வருகிறதே, அதையும் மாற்றலாமா என்று கேட்டேன். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மேல் வளைவு வரை டேப் பிடித்து அளந்தோம். இரு பக்கமும் ஒரே உயரம். வழக்கமாகத் துரு பிடித்து உடைவது அடிச்சுற்றில். அங்கே பெயிண்ட் உரிந்து லேசான துரு இருந்ததே தவிர விரிசல் இல்லை. கடற்காற்று வீசும் ஊரில் இது சகஜம். சுத்தம் செய்து துரு தடுக்கும் பெயிண்ட் அடித்து அப்படியே போட்டோம். உடைந்திருந்தாலோ ஒரு பக்கம் தாழ்ந்திருந்தாலோ இரண்டையும் மாற்றியிருப்பேன்.

லிங்க் ராடு விஷயத்தில் உப்புக் காற்றே முடிவெடுத்துக் கொடுத்தது. எங்கள் வண்டியில் லிங்க் ராடின் மேல் முனை ஸ்ட்ரட்டில் பூட்டியிருக்கிறது. ஸ்ட்ரட்டை இறக்க வேண்டுமென்றால் அந்த நட்டைக் கழற்றியாக வேண்டும். துரு ஏறிய நட் கழலாது, நட்டோடு சேர்ந்து உள்ளே இருக்கும் உருண்டையும் (பால்) சுற்றும். கடைசியில் கிரைண்டர் வைத்து அறுக்க வேண்டியதுதான். தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து அதிக தூரமில்லாத வீட்டில் பத்து மழைக்காலம் நின்ற வண்டி இது. முதல்நாள் மாலையே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வைத்தும் இரண்டில் ஒன்றை அறுக்க நேர்ந்தது. லிங்க் ராடு இரண்டையும் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்ததால் வேலை நிற்கவில்லை. கடலோர ஊர்க்காரர்களுக்கு இதை அழுத்திச் சொல்வேன். ஷாக் வேலைக்கு வண்டியை விடும்போது லிங்க் ராடு கையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் வண்டி லிஃப்டில் தொங்க, கடை கடையாக அலைய வேண்டும்.

லோயர் ஆர்மில்தான் நான் அதிகம் தயங்கினேன். இடது பால் ஜாயிண்ட் ஆடுகிறது, அதில் பேச்சுக்கே இடமில்லை. பால் ஜாயிண்ட் விட்டுப்போனால் ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும். மற்றதெல்லாம் சுகம், டயர், செலவு பற்றிய கேள்விகள். இது உயிர் பற்றியது. எங்கள் மாடலில் ஜாயிண்ட் ஆர்மோடு சேர்ந்தே வருகிறது என்பதால் ஆர்மையே மாற்றினோம். வலது ஆர்மை என்ன செய்வது? ஷாக் போல ஆர்ம்கள் ஜோடியாகச் சேர்ந்து எதையும் அடக்குவதில்லை. அவை சக்கரத்தை அதனதன் இடத்தில் பிடித்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். கெட்டியாக இருக்கும் ஜாயிண்டையும் மேலாக வெடித்த புஷ்ஷையும் இன்றே மாற்றத் தேவையில்லை. சேர்த்துச் செய்தால் மிச்சமாவது ஒரு அலைன்மெண்ட் காசு மட்டும், சில நூறு ரூபாய். புது ஆர்மின் விலையோ 1,500-க்கு மேல், லேபர் தனி. விட்டுவைத்தேன். அந்தப் புஷ்ஷின் ரப்பர் கிழிந்து இரும்பு தெரிந்திருந்தால் அன்றே மாற்றச் சொல்லியிருப்பேன்.

மூன்றாவது கேள்வி அலைன்மெண்ட். ஸ்ட்ரட்டைக் கழற்றிப் பூட்டினால் கேம்பர் (சக்கரம் உள்ளோ வெளியோ சாயும் கோணம்) மாறும். லோயர் ஆர்ம், டை ராடு எண்ட் தொட்டால் டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் முன்பக்கம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) மாறும். லிங்க் ராடு, ஸ்டெபிலைசர் புஷ், எங்கள் வண்டியைப் போல ஸ்பிரிங் தனியாக இருக்கும் பின் ஷாக் ஆகியவற்றைத் தொட்டால் எதுவும் மாறாது. ஆகவே அலைன்மெண்டைக் கலைக்கும் வேலைகளில் உண்மையாகவே தேவைப்படுபவற்றை ஒரே நாளில் முடித்துவிட்டு, கடைசியில் ஒரு முறை அலைன்மெண்ட் செய்வது கணக்கு. மற்றதை வசதிப்படும்போது பார்க்கலாம்.

பாகங்களை நானே வாங்கினேன். கடலூர்க்காரர்களிடம் ‘பாண்டிச்சேரியில் எல்லாம் விலை குறைவு’ என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. பெட்ரோலுக்கு அது பொருந்தும், எல்லையிலுள்ள முள்ளோடை பங்க்குகளில் நம் வண்டிகள் நிற்பதும் அதற்காகத்தான். உதிரிபாகத்துக்கு 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து இரண்டு ஊரிலும் ஒரே வரி. விலை வித்தியாசம் கடைக்காரர் தரும் தள்ளுபடியில் மட்டும்தான். புதுச்சேரியில் கடைகள் அதிகம் என்பதால் பொருள் உடனே கிடைக்கும், அந்த வசதிக்காக அங்கே வாங்கினேன். இரண்டு ஷாக்கும் ஒரே பிராண்ட், ஒரே கடை, ஒரே பில். முன் ஸ்ட்ரட்டில் இடது வலது வேறு வேறு, பிரேக் ஹோஸ் பிடிக்கும் தகடு எதிரெதிர்ப் பக்கம் இருக்கும். பெட்டியின் மேல் இருக்கும் பார்ட் நம்பரை வண்டியின் வருடத்தோடும் வேரியண்டோடும் ஒப்பிட்டுவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். ஷாக்கும் மவுண்டும் பெயர் தெரிந்த தயாரிப்பாளரிடமிருந்து எடுத்தேன். பெட்டியில் முத்திரையில்லாமல் பாதி விலைக்குக் கிடைத்த லோயர் ஆர்மை வேண்டாம் என்றேன்.

பூட்டுகிற அன்று பக்கத்தில் இருந்தேன். கவனிக்க வேண்டியவை சில உண்டு. அமுங்கிய ஸ்பிரிங் கம்ப்ரஸரிலிருந்து நழுவினால் ஆளையே அடித்துவிடும், அதனால் இது வீட்டில் செய்து பார்க்கிற வேலை இல்லை. புது ஷாக்கைப் பூட்டும் முன் நிமிர்த்திப் பிடித்துச் சில முறை அமுக்கி இழுத்தால் உள்ளே இருக்கும் காற்று விலகி ஆயில் சரியாக அமரும். தண்டைப் பிளேயரால் பிடித்தால் கீறல் விழும். நடு நட்டை இறுக்கும்போது தண்டின் முனையில் ஆலன் கீ கொடுத்துப் பிடிக்க வேண்டும். லோயர் ஆர்மின் புஷ் போல்ட்டைச் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது முழுதாக இறுக்கினால், வண்டி கீழே இறங்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழிந்துவிடும். நான் கேட்க வாயெடுப்பதற்குள் அண்ணனே, “கடைசி டைட்டு வண்டியை இறக்கி, எடை உக்காந்த பிறகுதான்” என்றார். எனக்கு அவர் மேல் இருந்த மரியாதை இன்னும் கூடியது.

கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். இடது ஷாக்கின் தண்டைக் கையால் அமுக்கினேன், பெரிதாகத் தடையில்லாமல் உள்ளே போய் அங்கேயே நின்றது. “இன்னும் ஓடும்” என்ற வலதையும் அமுக்கினேன். கொஞ்சம் தடை இருந்தது, ஆனால் நடுவில் ஓரிடத்தில் காலியாக வழுக்கியது. புதிதை அமுக்க இரு கையும் வேண்டியிருந்தது, விட்டதும் தானாக மெதுவாக மேலே வந்தது. இரண்டையும் மாற்றியது சரியா என்ற சந்தேகம் மிச்சமிருந்தால் அது அங்கே தீர்ந்தது.

அலைன்மெண்ட், பேலன்சிங் எல்லாம் சேர்த்து மொத்தம் 11,000 ரூபாய் சொச்சம் ஆனது. வேகத்தடைக்குப் பின் ஆட்டம் ஒரே மூச்சில் அடங்கியது. கட கட, டொக், டிங் மூன்றும் போய்விட்டன. டயரின் மேடு பள்ளம் மட்டும் லேசாக இரைந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே அப்படித் தேய்ந்த டயரை ஷாக் திருத்தாது, அதைப் பின்சக்கரத்துக்கு மாற்றிப்போட்டோம். அடுத்த முறை ஜிப்மர் போனபோது அம்மா அரியாங்குப்பம் தாண்டும் வரை தூங்கினார்.

பின் ஷாக்கில் ஒன்று அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஈரமாகத் தொடங்கியது. இரண்டையும் ஜோடியாக மாற்றினோம். அரை மணி வேலை, அலைன்மெண்ட் தேவைப்படவில்லை. நல்வாய்ப்பாக 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாக ஒன்றாக்கப்பட்டதால் பில்லிலும் சிறிது குறைந்தது.

வலது லோயர் ஆர்ம் இன்றும் பழையதுதான். ஆயில் மாற்ற விடும்போதெல்லாம் கடப்பாரை கொடுத்து நெம்பிப் பார்க்கச் சொல்கிறேன். வெடிப்பு கொஞ்சம் ஆழமாகியிருக்கிறது, ஜாயிண்ட் இன்னும் கெட்டி. டயர் மாற்றும் நேரமும் நெருங்குகிறது. புது டயர் போட்டால் எப்படியும் அலைன்மெண்ட் செய்ய வேண்டும் என்பதால், புஷ் அதுவரை தாங்கினால் ஆர்மையும் அன்றைக்கே மாற்றிக்கொள்வதாக இருக்கிறேன்.